போர்வைக்கு அந்தப் பக்கம்!

"பிளாக் அண்ட் ஒயிட் படமா? ஆளை விடு மச்சி!"னு எஸ்கேப் ஆகாதீங்க பாஸ். 1934-ல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' பார்த்துட்டுச் சொல்லுங்க.

அப்பாவோடு சண்டை போட்டுட்டு, மியாமியில் உல்லாசப் படகிலிருந்து கடலில் குதிச்சு ஓடுற கோடீஸ்வரப் பொண்ணு, கிளாடெட் கோல்பர்ட். வேலை போன ரிப்போர்ட்டர், கிளார்க் கேபிள். நியூயார்க் போற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். பர்ஸ் காலி, வாய் மட்டும் ஃபுல்!

காசை மிச்சம் பண்ண, புருஷன் பொண்டாட்டினு சொல்லி ஒரே ரூம் எடுக்குறாங்க. நடுவுல கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுறார் கேபிள். அதான் சுவர்! அதுக்கு ரெண்டு பக்கமும் படுத்துக்கிட்டு பேசுறாங்க பாருங்க... ஸ்விட்சர்லாந்து டூயட்டெல்லாம் பிச்சை வாங்கணும்.

லிஃப்ட் கேட்பது எப்படினு கட்டை விரலை ஆட்டி லெக்சர் அடிப்பார் ஹீரோ. ஒரு வண்டியும் நிக்காது. கோல்பர்ட் ஸ்கர்ட்டைக் கொஞ்சம் தூக்கி காலைக் காட்ட, சடன் பிரேக்! நம்ம படங்களில் பொண்ணுக்கு லெக்சர் கொடுத்தா ஹீரோவுக்கு விசில். இங்கே அவர்தான் அசடு வழியிறார்.

பையனும் பொண்ணும் பேசினாலே ஃபைன் போடுற காலேஜில் படிக்கிற எனக்கு, அந்தப் பேச்சு மேலதான் பொறாமை. மூணு வருஷமா ஒரே கிளாஸ். பக்கத்து வரிசைப் பொண்ணு எதுக்குச் சிரிப்பா, எதுக்குக் கோபப்படுவா... ஒண்ணும் தெரியாது. தெரியாமலே ப்ரபோஸ் மட்டும் கரெக்ட்டா பண்ணிடுறோம்!

சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதைனு 5 ஆஸ்கரை அள்ளிய படம். ராஜ்கபூர் - நர்கிஸ் நடிச்ச 'சோரி சோரி' (1956) இதோட உல்டாதான். அந்தப் போர்வை விழுந்ததானு கேட்குறீங்களா? ம்ஹூம், சொல்ல மாட்டேன்!