களை பிடுங்கப் போனேன்!

"ஐம்பத்திரண்டு வயசிலே களை பிடுங்கப் போறியாக்கும்! அதுவும் பணம் கட்டி!" என்று சிரித்தார் என் கணவர்.

சிரிக்கட்டுமே! என் மாமியாரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். போன ஐப்பசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறமும் எனக்கு விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். கஞ்சி காய்ச்ச வேண்டாம், துணி மாற்ற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் பெண், "ஆரோவில் பண்ணையிலே தொண்டு செய்ய ஆள் சேர்த்துக்கறாங்க, பத்து நாள் போய்ட்டு வாயேம்மா" என்று ஏற்பாடு செய்தாள்.

புதுச்சேரிக்கு வடக்கே சுமார் பத்து கிலோமீட்டர். 1968 பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில்லைத் தொடங்கியபோது அங்கே பெரும்பாலும் செம்மண் பொட்டல்தான். மழை பெய்தால் மண் கரைந்து ஓடைவழியே கடலுக்குப் போகும். முதலில் வந்தவர்கள் கரை போட்டு மழைநீரைத் தேக்கி மரம் நட்டார்கள். இன்று மர நிழலிலேயே சைக்கிளில் போகலாம்.

நான் போனது தை மாதம். காலை ஆறரைக்கு வேலை. எனக்குக் கிடைத்தது கத்தரிப் பாத்தி. களை எடுத்து, செடியைச் சுற்றிக் காய்ந்த இலைதழைகளைப் பரப்ப வேண்டும். மூடாக்கு என்கிறார்கள். ஈரம் சீக்கிரம் காயாது, களையும் அதிகம் முளைக்காது. முதல் நாள் சாயங்காலம் என் இடுப்பு பட்ட பாட்டைக் கேட்காதீர்கள்!

எனக்குப் பக்கத்துப் பாத்தியில் எழுபது வயதுப் பிரெஞ்சு அம்மாள், ஓய்வு பெற்ற நர்ஸ். லண்டனில் காரியதரிசியாக இருந்த ஸூ கோப்பார்ட் என்ற பெண்மணி, 1971-ல் இப்படி வார இறுதியில் பண்ணைக்குப் போய் உழைக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் ஆரம்பித்தாராம். பல நாடுகளில் உழைப்புக்குப் பதிலாகச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்துவிடுவார்கள். நான் போன இடத்தில் அந்தச் செலவுக்கு நாம்தான் கட்ட வேண்டும். என் அரைகுறை இங்கிலீஷில் மாமியாரைப் பற்றிச் சொன்னேன். தன் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவராம் அவரும். "எனக்கும் ராத்திரி தூக்கம் வராது" என்றார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. களை நிறைய இருந்தது.

பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் வந்திருந்தான். தங்கமான பிள்ளை. ஆனால் முள்ளங்கி நாற்றைக் களை என்று நினைத்து ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கிவிட்டான்! "ஐயோ, வெதச்சதெல்லாம் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள், பக்கத்து கிராமத்திலிருந்து கூலிக்கு வரும் பெண். மறு நிமிஷமே அந்த இளங்கீரையை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். "வுடுங்கம்மா, பொரியலுக்கு ஆவும்."

எனக்கு வேலை கற்றுக் கொடுத்ததும் அவள்தான். கீரை விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பிடி விதைக்கு நாலு பிடி மணல் கலந்து தூவச் சொன்னாள்.

நாலாம் நாள் கேட்டாள்: "ஒங்களுக்கு எவ்ளோம்மா கூலி?"

"கூலி இல்லேம்மா. சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் நான்தான் பணம் கட்டறேன்."

களைக்கொத்தியைக் கீழே போட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு! "காசு குடுத்தா களை புடுங்கறீங்க? எங்க வூட்ல சொன்னா நம்ப மாட்டாங்க." சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சும்மா. நீங்க லீவுக்கு இங்க வர்றீங்க."

என்ன பதில் சொல்வது? அவளும் நாலு மணிக்கு எழுந்திருப்பவள்தான். சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்துவிட்டு வருகிறாள். என் தூக்கமின்மையைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும் நாளில், என் பைக்குள் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தாள். சிறுகீரை விதை.

ஊர் திரும்பிய மறுநாள் தெருவில் கீரைக்காரி வந்தாள். வழக்கம்போல் பேரம் பேச வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கேட்ட விலையைக் கொடுத்ததும், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் விசாரித்தது தனிக் கதை.

நாலு மணி விழிப்பு இன்னும் போகவில்லை. மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வைத்து, மணல் கலந்து விதை தூவினேன். ஐந்தாம் நாள் முளை கட்டியது. நேற்று என் கணவர் காப்பி டம்ளரோடு மேலே வந்து, தொட்டி மேல் குனிந்து கேட்டார்:

"இதிலே எதும்மா களை?"