கூனிக்கருவாடும் முருங்கைக்கீரையும்

கடல் பாலக்காட்டுக் கணவாய்க்கும் அப்பால், 100 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கிற கோயம்புத்தூரில், அலுவல் முடிந்து களைத்து வரும் இராத்திரி வேளையில், வாரச் சந்தையில் வாங்கி டப்பாவில் பத்திரப்படுத்திய கூனிக்கருவாட்டை வெறும் சட்டியில் வாசனை எழ வறுத்து, மண் போக வெந்நீரில் அலசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வரமிளகாயும் வதங்கிய பதத்தில் சேர்த்து, முருங்கைக்கீரையை உருவிப் போட்டுப் பிரட்டினால், அரை மணிக்குள் திவ்யமான போஜனம் சித்தமாகிவிடுகிறது. இதோடு சேர்த்துச் சாப்பிட, அரிசியை ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிகிற சந்தகை விருந்து நாளுக்குரிய சிரமம். வார நாளில் வெந்நீரில் ஊறும் பாக்கெட் சேவையே போதும் என்பது என் அபிப்பிராயம். (வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்கள்.) உப்பை மட்டும் ருசி பார்த்துக் கடைசியில் போடுங்கள், கருவாட்டிலேயே பாதி இருக்கிறது.