சன்னம் ஏன் ஒழுங்காக இருக்குதில்லை?

துவக்கு ரவை ஒன்றில் நாலு பொருள்தான் இருக்கு. பித்தளைக் கோது, அதன் அடியில் பொட்டு மாதிரி ஒரு பிறைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகின சன்னம். சுட்டவுடன் கோது மட்டும் மிச்சம். வட அமெரிக்காவில் அந்தக் கோதைப் பொறுக்கிக் கழுவி, பழைய அளவுக்கு அமத்தி, புதுப் பிறைமர் போட்டு, மருந்தை நிறுத்து ஊற்றி, புதுச் சன்னம் இருத்தித் திரும்பச் சுடுகிறவர்கள் கனபேர். கடையில் வாங்குறதைவிடச் செலவு குறைவு, தங்கட துவக்குக்குத் தோதாகச் செய்துகொள்ளலாம் என்பார்கள். எங்களுக்கு இதெல்லாம் சஸ்கச்சுவானுக்குப் படிக்க வந்து, ஒரு கிழவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தபோதுதான் தெரியவந்தது.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி முல்லைத்தீவு.

கிழவரிடம் இருந்தது .22 ஹோர்னெற் றைபிள். ஹோர்னெற் என்றால் குளவி. 1930 அளவில் அமெரிக்காவில் வந்த சின்ன ரவை, மனுசற்ற சுண்டுவிரல் அளவுகூட மொத்தமில்லை. அந்தப் புல்வெளியில் கோஃபர் என்று சொல்லுற தரை அணில்கள் வளை தோண்டும். மாடு குதிரைகளின் கால் அந்த வளைக்குள் போய்விடும் என்று இளவேனிலில் விவசாயிகள் அதுகளைச் சுடுவார்கள். கிழவரும் நாற்பது வருசமாகத் தன்ர ரவையைத் தானே செய்து சுட்டவர். இப்ப இரண்டு கண்ணிலும் கற்ராக். ஒருநாள் படியிறங்கி வந்து, “உங்கட கண் நல்லாத்தானே இருக்கு, ஒருக்கா கராச்சுக்கு வந்து பாருங்கோ” என்றார்.

ஐம்பது ரவை செய்திருக்கிறார். அதில் பதினாலு துவக்குக்குள் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே தோள்ப்பக்கம் புடைத்திருந்தது. சிலதின் கழுத்து, மிதிபட்ட மீன்ரின் மாதிரி மடிந்திருந்தது. மேசையில் தலைமயிர் தடிப்பில் செம்புச் சுருள்கள். சன்னம் வாங்கின பெட்டிதான் பிழை என்பது கிழவரின் கட்சி.

அதை முதலில் அளந்தோம். அவரிடம் இருந்தது உயர்தரப் பௌதிகவியலில் நாங்கள் மாரடித்த அதே வேணியர் இடுக்கிமானியின் வசதியான தம்பி, முள்ளுக் காட்டுகிற வகை. சன்னம் எல்லாம் 5.69 மில்லிமீற்றர், அதாவது 0.224 அங்குலம். ஒன்றிலும் பிழையில்லை. பிறகு வெறுங்கோதுகளை நீளவாட்டில் அளந்தோம். அங்கேதான் குட்டு வெளித்தது. ஹோர்னெற் கோது ஆகக்கூடியது 35.6 மில்லிமீற்றர் இருக்கலாம். பித்தளை ஒவ்வொருமுறை சுடும்போதும் கொஞ்சம் இழுபடும். இவர் கனகாலமாக வெட்டிச் சமப்படுத்தவில்லை. சிலது 0.3 மில்லிமீற்றர் நீண்டிருந்தது. பழுதான பதினாலில் பதினொன்று அப்படி நீண்டதுகள்.

0.3 மில்லிமீற்றர் ஏன் இந்தப் பாடுபடுத்துது? சன்னத்தை இருத்துறதுக்கு டை என்கிற உருக்கு அச்சு ஒன்று இருக்கு. அதற்கு இரண்டு வேலை. நடுத்தண்டு சன்னத்தைக் கீழே தள்ளும். அச்சுக்குள்ளே இருக்கிற சின்னப் படி, கடைசிக் கணத்தில் கோதின் வாயை உள்ளுக்கு அமத்திச் சன்னத்தை இறுக்கும். கோது நீளமாக இருந்தால், சன்னம் இறங்கி முடியமுதலே வாய் அந்தப் படியில் முட்டி இறுகிவிடும். தண்டோ இன்னும் தள்ளிக்கொண்டிருக்கு. பிடித்த சன்னத்தோடு கோதும் சேர்ந்து கீழே போகப் பார்க்கும், போக இடமில்லை, மெல்லிய இடம் மடியும். ஹோர்னெற்றின் பித்தளை நல்ல மெல்லிசு. வேறு ரவையாக இருந்திருந்தால் சிலவேளை தாங்கியிருக்கும்.

அச்சை ஒரு சுற்று மேலே தூக்கி, தண்டை அந்தளவுக்குக் கீழே இறக்கி, கோதுகளை ஒரே நீளத்துக்கு வெட்டினதோடு அந்தப் பதினொன்றின் கதை முடிந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிறவருக்கு வாய் இறுக்குற வேலையே தேவையில்லை, கழுத்தின் பிடி காணும்.

மற்ற மூன்றுதான் அந்தச் செம்புச் சுருளின் சொந்தக்காரர். அதுகளின் வாயின் உள்விளிம்பு பிசிராக இருந்தது. அடி தட்டையான சன்னம் அதில் கொளுவி, தோல் உரிந்து, சரிந்து இறங்கியிருக்கு. உள்விளிம்பைச் சீவ ஒரு கைக்கருவி இருக்கு, இரண்டு சுற்று மெல்லமாகச் சுற்றினால் போதும். கூடச் சுற்றினால் வாய் பிளேட் மாதிரி மெலிந்துவிடும்.

ஒழுங்காக வந்த ரவைகளிலும் நீளம் கூடிக்குறைந்துதான் இருந்தது. தண்டைக் கழற்றிப் பார்த்தால் உள்குழியில் பழைய கிறீஸ் கட்டிபட்டு இருந்தது, துடைத்தோம். அப்படியும் கொஞ்சம் வித்தியாசம். இந்தச் சன்னங்களின் நுனி மெத்தென்ற ஈயம். பெட்டிக்குள்ளேயே நசுங்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நுனியிலிருந்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். வளைவு தொடங்குகிற இடத்திலிருந்து அளக்கவேணும். இது வெறும் அழகுப் பிரச்சினையில்லை. சின்னக் கோதுக்குள் சன்னம் தேவைக்கு மேலே இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும், அமுக்கம் ஏறும்.

கிழவர் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினார். ஆனால் அவருக்கு இது கணக்கில்லை, கைவேலை. “கைபிடிதான் சொல்லவேணும்” என்று எங்களை நெம்புகோலைப் பிடிக்கவைத்தார். ஒழுங்காக இறங்குகிற சன்னம், குழலிலிருந்து புட்டைத் தள்ளுற மாதிரி ஒரே சீராகப் போகும். எங்கேயோ இறுகி, பிறகு பொசுக்கென்று விட்டால் அது பழுது, பார்க்கவே தேவையில்லை. பத்து ரவைக்குள் எங்களில் ஒருத்திக்கு அது பிடிபட்டுவிட்டது. அந்தச் சந்தோசம் முகத்தில் தெரிந்ததும், அதைப் பார்த்து மற்றவளின் முகம் மாறினதும் ஒரே நேரத்தில் நடந்தது.

மற்றவள் முல்லைத்தீவுக்காரி. முதல் இரண்டு நாளும் கராச்சுக்கு வரவேயில்லை. ஊருக்குத் திரும்பிப்போன காலத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது மிதிவெடி அபாயக் கல்வி: நிலத்தில் கிடக்கிறது எதையும் தொடாதே, கிட்டப் போகாதே, பெரிய ஆட்களிடம் சொல்லு. தொடாமல் இருக்கப் பழகின கையை இங்கே ஒரு கிழவர் தொட்டுப் பார், அமத்திப் பார் என்கிறார்.

மூன்றாம் நாள் வந்தாள். வேணியரை வாங்கி வெறுங்கோதை மட்டும் அளந்தாள். மருந்து போட்டதைக் கடைசிவரைக்கும் தொடேல்லை, கிழவரும் வற்புறுத்தேல்லை. “எங்கட ஊரில கிடந்தது இப்பிடி மினுங்காது, காந்தத்தில ஒட்டும்” என்றாள். நாங்கள் அதை இங்கிலீசில் சொல்ல, அது உருக்குக் கோதாக இருக்கும் என்றார் அவர். ரி-56 துப்பாக்கிக்குப் போடுகிற 7.62 ரவைகள் பெரும்பாலும் அப்படித்தான். பிறைமரின் நெருப்பு மருந்துக்குப் போக அதில் இரண்டு சின்னத் துவாரம் இருக்கும், பேர்டன் முறை என்பார்கள். இங்கே இருக்கிறது பொக்ஸர் முறை, நடுவில் ஒரே துவாரம், ஊசி விட்டுப் பழைய பிறைமரைத் தள்ளி எடுக்கலாம். பேர்டன் அமெரிக்கன், பொக்ஸர் இங்கிலீசுக்காரன், ஆனால் அமெரிக்கர் பிடித்தது பொக்ஸரை. “அந்தக் கோதை ஒருத்தரும் திருப்பிப் பாவிக்கிறதில்லை” என்றார். சுட்டுவிட்டு விட்டுப்போகச் செய்த சாமான் அது என்பதை அவள் எங்களுக்கு முகம் தராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு சோறு வைத்துக்கொண்டே சண்டை. சைக்கிளுக்குப் பெயாரிங் போடுற மாதிரி ஒரு வேலைதானே என்றது ஒரு பக்கம். அணிலெண்டாலும் உயிர்தானே, செய்து குடுத்தவைக்கு அதில பங்கில்லையோ என்றது மறுபக்கம். முல்லைத்தீவுக்காரி இரண்டு பக்கமும் சேரவில்லை. தனக்கு அணிலைப்பற்றிக் கவலையில்லை, சத்தத்தைப்பற்றித்தான் கவலை என்றாள்.

பழுதான பதினாலையும் கிழவரே பிளாஸ்ரிக் சுத்தியலுக்குள் வைத்துத் தட்டிக் கழற்றினார், அதை எங்களிடம் விடவில்லை. மடிந்த கோதுகள் பழைய பித்தளை வாளிக்குள் போயின. அடுத்த ஐம்பதும் துவக்குக்குள் சிக்கலில்லாமல் போயிற்று. பெட்டிக்கு மேலே திகதி, சன்னத்தின் நிறை 45 கிறெய்ன், மருந்தின் அளவு, நீளம் எல்லாம் எழுதி ஒட்டினோம்.

பனி கரைந்து சுடுகிற காலம் வந்தது. போகமுதல் எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகவேணும் என்று அவள் கேட்டிருந்தாள். காரணம் கேட்காமல் ஓமென்றவர். காலமை ஐந்தரைக்கு நிலக்கீழ் அறைக் கதவில் இரண்டு தட்டு விழும், பிறகு லொறி கிளம்புகிற சத்தம். நாங்கள் எழும்பாமல் படுத்திருந்தால், “சரி” என்று ஆராவது ஒருத்தி சத்தம் குடுக்குமட்டும் படியிலேயே நிற்பார்.