தாய்மாமன் எந்தப் பக்கம் நிற்பார்?

கேரி தீவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய ஒன்றேகாலைக் காட்டும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரைமணி முன்னால் தள்ளி, சபா சரவாக்கோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பும் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டுதான் ஓடியது. அதனால் காலை ஏழு மணிக்குக்கூட இங்கே விடிந்தும் விடியாமலும் இருக்கும். ஆறு மணி முகூர்த்தம் என்றால் சென்னையில் கொஞ்சமாவது வெளிச்சம் இருக்கும், இங்கே கும்மிருட்டு. நாள் குறிக்க உட்காரும் பெரியவர்கள் இதையெல்லாம் பேசுவதில்லை. படம் எடுப்பவர் பேசியே ஆக வேண்டும்.

நான் பார்க்கப் போன கல்யாணப் படக்காரருக்குக் கிள்ளானில், தெங்கு கெலானா சாலைப் பூக்கடைகளுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன அறை. பேர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆடி மாதம். தொழில் படுத்திருக்கும் மாதம் என்பதால், ஆவணிக் கல்யாணங்களுக்கு இடம் பார்க்கும் வேலையெல்லாம் இப்போதுதான். ஆவணிக் கடைசியில் கேரி தீவுத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு கல்யாணம். அவருடைய காடியில் நானும் தொற்றிக்கொண்டேன்.

தெலுக் பங்ளிமா காராங் தாண்டி, லங்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் தீவு. பாலம் இருப்பதால் தீவுக்குள் வந்த நினைப்பே வராது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுநடுவே அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி வாய்க்கால்கள். ஏற்றத்தின்போது கடல்மட்டம் தரையைவிட உயர்ந்துவிடும். அதனால் சுற்றிலும் மண்கரை கட்டி, மதகு வைத்து, நீரை வடித்து உண்டாக்கிய தோட்டம் இது. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயர்தான் தீவுக்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. தீவின் பெரும்பகுதியை வைத்திருக்கும் சைம் டார்பி பிளாண்டேஷன், 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயரை மாற்றிக்கொண்டது. கிழக்கு, மேற்கு, தெற்கு என்று தோட்டப் பிரிவுகளின் பெயரிலேயே இங்கே தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் குடும்பங்களோ பந்திங்கிற்கும் கிள்ளானுக்கும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

மணப்பெண்ணின் குடும்பமும் அப்படி நகர்ந்ததுதான். அவருக்குப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அலுவலக வேலை, மாப்பிள்ளை கிள்ளான்காரர். குளுகுளு மண்டபம் எடுக்க வசதி இருந்தும், தாலி கட்டுவது தோட்டத்துக் கோயிலில்தான் என்று பாட்டி சொல்லிவிட்டார். இரவு விருந்து மட்டும் கிள்ளான் டேவானில்.

கோயில் மண்டபத்துக்குத் தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. நம் ஆள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மணவறை எங்கே என்று கேட்டு, அந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மணவறை கிழக்கு பார்த்தது. ஒன்பதரைக்கு வெயில் இன்னும் சரிவாகத்தான் இருக்கும், கூரைக்கு அடியில் நுழைந்து நேராக முகத்தில் அடிக்கும். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் தாலி கட்டுவார். கிழக்குத் திறப்பில் இரண்டு எட்டுமுழ வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் போதும் என்றார். வெயிலின் கூர்மை துணியில் தங்கிவிடும், பூத்த மாதிரி வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். வாடகைக்கு எடுக்கும் பெரிய விளக்குகள் இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்வதில்லையாம்.

அலங்காரக்காரர்களிடம் அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: தாலி கட்டி முடியும்வரை ஊதா, ரோஸ் விளக்குகளைப் போடாதீர்கள். மாநிறத் தோலில் ஊதா வெளிச்சம் விழுந்தால் பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் முகம் நோயாளி முகம்தான். கூரையில் இருக்கும் பழைய குழல் விளக்குகள் இன்னொரு தலைவலி. மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ் என்பதால் அவை விநாடிக்கு நூறு தடவை மினுங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர் வேகத்தைக் கண்டபடி கூட்டினால் பாதிப் படத்தில் மஞ்சள் பட்டை ஓடும், அதனால் நூறில் ஒரு பங்கில் நிறுத்திக்கொள்வாராம்.

தாலி கட்டும் நேரத்துக்கு அவர் பட்ட பாட்டை விவரமாகச் சொன்னார். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, எல்லாம் சில விநாடிக்குள் முடிந்துவிடும். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் பின்னால் நிற்கும் நாத்தனார். பெண்ணின் கழுத்தில் மாலை, பின்னால் கொண்டை, அதைச் சுற்றிப் பூ. முடிச்சு விழும் இடம் யாருக்குமே தெரியாது. ஆகவே மாப்பிள்ளையின் அக்காவிடம் முன்கூட்டியே பேசி, இடது கையால் மாலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவைக்க வேண்டும். எதிரே ஓர் ஆள், பக்கவாட்டில் ஓர் ஆள். ஒவ்வொரு கேமராவிலும் இரண்டு அட்டையில் ஒரே சமயத்தில் பதிவாகும். திருப்பி எடுக்க முடியாத படம் இது ஒன்றுதான் என்பார். மற்றதையெல்லாம் வேண்டுமானால் மறுபடி நிற்கவைத்து எடுத்துவிடலாம்.

வேண்டுதல்போல எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வருவதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "வரத்தான் செய்வாங்க. சித்தப்பாவை ஒதுங்குன்னு சொல்ல நான் யாரு? சொல்றதுக்கு இன்னொரு சித்தப்பாவைத்தான் பிடிக்கணும்."

பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா, பெரியம்மா, பாட்டி எல்லாரும் வந்து நாற்காலி போட்டார்கள். அவர் ஒரு நோட்டைப் பிரித்து வம்சக் கொடி வரையத் தொடங்கினார். தாய்மாமன் எத்தனை பேர்? மூத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பாதபூஜை யாருக்கு? அத்தை வீட்டார் எந்த வரிசையில்? சட்டப்படி பதிவு முன்பே முடிந்ததா, கோயிலிலேயே கையெழுத்தா? முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்தபிறகு, பதிவு இல்லாமல் கல்யாணம் இல்லை. உதவிப் பதிவாளர் கோயிலுக்கே வருகிறார் என்றால் கையெழுத்துப் படத்துக்குத் தனியாகக் கால்மணி ஒதுக்க வேண்டும். இங்கே அது ஜூலையிலேயே முடிந்திருந்தது.

பெண்ணின் அப்பா ஒரு இடத்தில் தயங்கினார். அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தையில் இல்லை. குடும்பப் படத்தில் எப்படி? நோட்டில் இரண்டு வட்டம் போட்டு நடுவில் பாட்டியை எழுதினார் நம்மவர். "பாட்டி நடுவுல உக்காந்தா ரெண்டு பேரும் வந்துதான்ணே ஆகணும்." அப்பா தலையாட்டினார். கேமரா, லென்ஸ் விவரமெல்லாம் ஒரு வருடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்ற கணக்கு இந்தத் தோட்டத்துப் பேச்சோடு வளர்ந்தவருக்குத்தான் வரும் என்று எனக்கு அப்போது பட்டது. பெரிய விலைக்கு வெளியூரிலிருந்து அழைத்துவரும் பிரபலங்கள் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஆல்பம் பளபளவென்று இருக்கும், மூத்த மாமா அதில் இருக்கமாட்டார்.

பாட்டி தன் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அவருடைய அம்மாவின் படம். அவசரகாலத்தில், 1948இல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்களே, அதற்காக எடுத்தது. அம்மாவுக்கு இருப்பதே அந்த ஒரு படம்தான், அதைத்தான் பெரிதாக்கிச் சாமி அறையில் மாட்டியிருக்கிறார்கள். பாட்டியின் கல்யாணப் படமும் ஒன்றே ஒன்று. தாலி கட்டி இரண்டு நாள் கழித்துக் கிள்ளான் சீனர் ஸ்டூடியோவில் எடுத்தது. "என்னைய நிமிந்து பாக்கவே விடல," என்றார், யாரைக் குறை சொல்கிறார் என்று தெரியாமல். இந்தத் தடவை அவருக்கு வேண்டியது, பேத்தியும் மாப்பிள்ளையும் தான் இருந்த லயத்து வீட்டு வாசலில் நிற்கும் படம்.

அந்த வீட்டில் இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். நம்மவர் நேரே போய்க் கதவைத் தட்டி, மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னார். கல்யாணம் என்றதும் அவர்கள் சிரித்துவிட்டு, அன்றைக்கு வாசல் கொடியில் துணி காயப்போட மாட்டோம் என்றார்கள். தோட்ட நிர்வாகத்துக்கு மட்டும் தனியாகக் கடிதம் எழுத வேண்டும்.

பெண்ணுக்கு வேறொரு ஆசை இருந்தது. தீவிலேயே சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பூர்வகுடிகள் சதுப்புநில நிரே பத்து மரத்தில் செதுக்கும் முகமூடிகளோடு ஒரு படம். "அது அவுங்க மூதாதையர் முகம்மா," என்றார் அவர். "ஹரி மொயாங் அன்னிக்கு அதைப் போட்டுத்தான் ஆடுவாங்க. நம்ம ஆத்தா முன்னாடி யாரோ ரெண்டு பேர் வந்து போஸ் குடுத்தா நமக்கு எப்படி இருக்கும்? வேணும்னா போய் ஒண்ணு வாங்கிட்டு வரலாம்." பெண் மறுபேச்சுப் பேசவில்லை.

வெளிப்புறப் படம் எத்தனை மணிக்கு என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. செப்டம்பர் நடுவில் சூரியன் இந்தத் தீவுக்கு நேர் தலைக்குமேல் வந்துவிடும். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளியே நின்றால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் விழும். செம்பனை நிழலுக்குள் போனால் இலைப்பச்சை முகத்தில் ஏறிக்கொள்ளும். மாலை ஐந்தரைக்கு மேல், மரவரிசைக்கு நடுவே செல்லும் மண்பாதையில்தான் நல்ல வெளிச்சம். ஆனால் ஏழரைக்குக் கிள்ளானில் விருந்து, நடுவில் சேலை மாற்றி முகப்பூச்சும் முடிய வேண்டும். மழையைவிடச் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டத்துக்குத்தான் அவர் பயப்படுகிறார். "படத்துக்கு அது நல்லதுதான், வெளிச்சம் மெத்துனு இருக்கும். வந்தவங்கதான் இருமிக்கிட்டே இருப்பாங்க."

காலை நான்கு மணிக்குப் பெண் வீட்டில் தொடங்கி, இரவு பன்னிரண்டுக்கு டேவானில் முடியும் அந்த நாள். அவரோடு ஒரு உதவியாளர், இரண்டு வீடியோக்காரர்கள். பந்தி முடிந்து மிஞ்சியதைத்தான் இவர்கள் சாப்பிடுவார்கள். வந்து குவிந்த ஆயிரக்கணக்கான படங்களைப் பொறுக்கி, திருத்தி, ஆல்பமாக்க மாதக்கணக்கு ஆகும். முன்பணத்தைத் தவிர மீதி வெள்ளி கைக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆடியிலும் மார்கழியிலும் பாஸ்போர்ட் படம், பள்ளி ஆண்டுவிழா என்று ஓட்டுகிறார். மகனை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவருவாரா என்றதற்கு, பையன் ஏற்கெனவே கணக்காய்வு படிக்கிறான் என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

கடைசியில் நேர அட்டவணையை எழுதிப் பெரியம்மாவிடம் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் வரிவரியாகப் படித்தார். பத்தே முக்காலுக்குக் குடும்பப் படம், பதினொன்றரைக்குப் பந்தி என்று இருந்ததைப் பார்த்ததும் பேனாவை வாங்கினார்.

"பந்திங்கிலருந்து அஞ்சு மணிக்கே கெளம்பி வர்றவங்கய்யா. மொதல்ல சோத்தப் போடு. வயிறு நெறஞ்சாத்தான் மொகத்துல சிரிப்பு வரும்."

இரண்டு வரியையும் அடித்து மாற்றி எழுதினார். நம்மவர் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியானால் பந்தி முடிந்து படம் எடுப்பதற்குள் வெயில் மேற்கே திரும்பிவிடும், அந்தப் பக்கமும் வேட்டி கட்ட வேண்டியிருக்கும், இன்னும் இரண்டு வாங்கிவையுங்கள் என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்.