எங்கள் ஊர் அரண்மனைக் கதை

விடுதியில் இப்போதெல்லாம் நள்ளிரவு கடந்தும் விளக்கு அணைவதில்லை. தேர்வு நெருங்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள்! எங்கும் இல்லாத ஒரு பேரரசின் அரியணைக்காக உற்றாரும் உறவினரும் வெட்டிக்கொள்ளும் தொடர்கதை ஒன்று கைப்பேசித் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. காதல், போர், அரண்மனைச் சூழ்ச்சி மூன்றும் அதில் உண்டு. பறக்கும் நாகமும் உண்டு என்று கேள்வி. "இப்படியெல்லாம் நம் பக்கத்தில் நடந்ததுண்டா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பறக்கும் நாகம் எங்கள் ஊரில் இல்லை. மற்ற மூன்றும் பேருந்தேறிப் போய்ப் பார்க்கும் தொலைவில் இருக்கின்றன.

எங்கள் ஊர் பாறசாலைக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரை. என் தாத்தா கருப்பட்டி வாணிகத்துக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அங்கே தங்கிவிட்டவர். ஆச்சி தோவாளைப் பக்கத்துப் பெண். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தவன் நான். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. ஆகவே ஆச்சியின் தாய்வீடு ஒரு மாநிலம், புகுந்த வீடு வேறு மாநிலம். கதைகளும் அப்படியே பிரிந்துபோயின.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழம்பலாவின் அடிமரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப் பிலா என்று பெயர். திருவிதாங்கூரில் அரசரின் துணைவிக்கும் அம்மச்சி என்பதுதான் பட்டம். மரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததோ! இளவரசர் மார்த்தாண்ட வர்மாவைக் கொல்லப் பகைவர் துரத்தி வந்தபோது, ஒரு சிறுவன் தோன்றி இந்தப் பலாவின் பொந்தைக் காட்டினான் என்றும், உள்ளே ஒளிந்து உயிர் தப்பிய இளவரசர் அரசரான பின் அச்சிறுவன் கண்ணனே என்று எண்ணி அங்கே கோயில் எடுத்தார் என்றும் சொல்வார்கள்.

நான் தாவரவியல் படிப்பவன். ஆதலின் பொந்தைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மரத்தின் நடுவைரம் உயிரற்றது. நீரை ஏற்றுவதும் உணவை இறக்குவதும் வெளிப்புற வளையங்களின் வேலை. பூஞ்சை புகுந்து நடுவைத் தின்றுவிட்டாலும் மரம் தளிர்க்கும், காய்க்கும். எனவே ஆள் நுழையும் பொந்தோடு ஒரு பலா உயிர்வாழ்ந்தது என்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. அந்த இரவு என்ன நடந்தது என்பதை மட்டும் மரத்தைச் சோதித்து அறிய இயலாது.

இனிக் கதைக்கு வருவோம். வேணாட்டை 1724 முதல் 1729 வரை ஆண்டவர் இராம வர்மா. அவருக்கு அபிராமி என்னும் துணைவியிடம் பிறந்த மக்கள் பப்புத் தம்பி, இராமன் தம்பி. அவர்களுக்கு ஒரு தங்கையும் உண்டு. அக்குலத்தில் மருமக்கள்தாய முறை. அரசனுக்குப் பின் பட்டம் மகனுக்கு இல்லை, உடன்பிறந்தாள் மகனுக்கு. மன்னனின் மகன் 'தம்பி' என்ற பட்டத்தோடு நின்றுவிட வேண்டும். 1729இல் மருமகன் மார்த்தாண்ட வர்மா அரசரானார். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று வயது. என் வயது! எனக்கு ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே இன்னும் முடியவில்லை.

தம்பிமார் தந்தையின் நாட்டுக்கு உரிமை கோரினார்கள். அரச அதிகாரத்தைக் கட்டிப்போட்டிருந்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளிக்குச் சென்று முறையிட்டார் என்றும், அங்கிருந்து படையோடு வந்த அழகப்ப முதலியார் இருதரப்பையும் கேட்டு அரசர் பக்கமே நியாயம் என்று சொல்லித் திரும்பினார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்று சொல்வாரும் உண்டு. பின்னர் நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் கொல்லப்பட்டனர்.

பள்ளியில் நாங்கள் படித்த கதை இவ்வளவே. தம்பிமார் துரோகிகள், அரசர் துரோகத்தை வென்றவர். சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவலும் இந்தப் பக்கமே நிற்கிறது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் அது. அதில் பப்புத் தம்பி பெண்பித்தர். அரசரைப் பலமுறை காப்பாற்றும் சுபத்திரை என்னும் பெண்ணே கதையின் உயிர்; அவளைச் சொந்த மாமனே வெட்டிக் கொல்கிறான். மலையாளத்தில் அதைப் படித்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன் என்பதை மறைக்கவில்லை. பகைவன் எழுதினாலும் நல்ல நாவல் நல்ல நாவல்தான்!

ஆனால் குமரி மாவட்டத்துக் கதைப்பாடல் வேறு சொல்கிறது. வலிய தம்பி, குஞ்சு தம்பி என்று அது அவர்களை அழைக்கும். அதன்படி பகையின் வேர் ஒரு பெண்கேட்பு. தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்ட வர்மா விரும்பிக் கேட்டார். அண்ணன்மார் மறுக்கவில்லை, அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்கு அரசுரிமை வேண்டும் என்றார்கள். மருமக்கள்தாயம் அதற்கு இடம் தராது. அவர் மறுத்தார். காதல் அங்கே முறிந்தது; பகை முளைத்தது. சூழ்ச்சியால் அரண்மனைக்கு வரவழைத்துக் கொன்றதைப் பாட்டு துரோகம் என்கிறது. ஆம், அதே சொல்! அரசாங்கத்து வரலாறு தம்பிமார் மீது போட்ட சொல்லைப் பாட்டு எடுத்து அரசர் மீது போடுகிறது.

ஆச்சி இதைத் தன் ஊர்க் கோயில் கொடையில் கேட்டவள். வில்லும் குடமும் உடுக்கும் முழங்க விடியும்வரை பாடக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவள். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் இந்த வரலாற்றை நாடகம் போட்டார்கள். பப்புத் தம்பி வேடத்துக்கு யாரும் முன்வரவில்லை. "அந்தத் தமிழன் போடட்டும், அவனுக்குத்தான் பொருத்தம்" என்று வகுப்பே சிரித்தது. வேடம் எனக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னேன். ஆச்சி பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, "வலிய தம்பி வேசமா? அது பெரிய வேசம்லா மக்கா!" என்றாள். தாத்தாவின் பட்டுக்கரை வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பு நீக்கி, தானே எனக்குக் கட்டிவிட்டாள். மேடையில் நான் குத்துண்டு விழுந்தேன். கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. பின் வரிசையில் ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள்.

வரும் வழியில் கேட்டேன்: "ராசாவை எதிர்த்தது தப்புதானே ஆச்சி?" அவள் சொன்னது: "தப்புதான் மக்கா. அதுக்குச் சண்டை போட்டுல்லா கொல்லணும். வீட்டுக்குக் கூப்பிட்டா கொல்லுவாவ?"

மார்த்தாண்ட வர்மாவைச் சிறியவர் என்று சொல்ல என்னால் இயலாது. 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தவர் அவர். சிறைப்பட்ட டிலனாய் என்னும் டச்சுத் தளபதியைத் தன் படைக்கே ஆசானாக்கியவர். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தன்னை அவருடைய தாசன் என்று கூறிக்கொண்டவர். சிதறிக் கிடந்த குறுநாடுகளைச் சேர்த்துத் திருவிதாங்கூரை உண்டாக்கினார். தம்பிமார் வென்றிருந்தால் இவை நடந்திருக்குமா? ஐயமே.

என் நெஞ்சு ஒப்பாதது அதற்கடுத்த செயல். எட்டுவீட்டுப் பிள்ளைமாரைக் கொன்று, அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவரிடம் தள்ளினார்கள். 'துறையேற்றம்' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. சூழ்ச்சி செய்தவர் ஆண்கள். விலையானவர்கள் தொட்டிற்குழந்தையும் அதன் தாயும். அம்மட்டோ? மீனவர் குடிசையில் வாழ்வதே ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத்தக்க தண்டனை என்று எண்ணிய அரண்மனையின் மனத்தைப் பாருங்கள்! அந்த மீனவரை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்கள் வரலாற்றில் வருவதே பிறருக்குத் தண்டனையாகத்தான். துரோகம் யார் பக்கம் என்று வழக்காடும் இரு தரப்பாரும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். ஆச்சியிடம் கேட்டபோது அவளும் தம்பிமாரின் தங்கைக்காக அழுதாளே ஒழிய, இந்தப் பெண்களுக்காக அழவில்லை. அவளுக்கு அவர்கள் பகைவீட்டுப் பெண்களும் அல்லர்; யாரும் பாடாததால் அவர்களைத் தெரியாது, அவ்வளவே.

மகனா மருமகனா என்ற வழக்கைக் கடைசியில் தீர்த்தது வாள் அன்று. கேரளச் சட்டமன்றம் 1975இல் இயற்றிய சட்டம் 1976 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தபோது மருமக்கள்தாயக் கூட்டுக்குடும்பம் சட்டத்தின்முன் இல்லாமற் போயிற்று. பப்புத் தம்பி இரண்டரை நூற்றாண்டு முந்திப் பிறந்துவிட்டார் என்று என் நண்பன் ஒருவன் வேடிக்கையாகச் சொல்வான். அவன் நெய்யாற்றின்கரைக்காரன், மலையாளி. அவனும் நானும் அந்தப் பலாவின் முன் நின்று இதைப் பற்றிச் சண்டையிட்ட நாட்கள் பல. சண்டை முடிந்ததும் ஒரே கடையில் தேநீர் குடிப்போம். காசு அவன் கொடுப்பான்.

சென்ற விடுமுறையில் ஆச்சியை அங்கே அழைத்துச் சென்றேன். கண்ணனைக் கும்பிட்டாள். பலாவைச் சுற்றிவந்து நெடுநேரம் பார்த்தாள். "நல்ல மரம். யாருன்னு கேக்காம எடம் குடுத்திருக்கு" என்றாள். பிறகு கால் வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

சங்கத்து நண்பர்கள் யாரேனும் திருவனந்தபுரம் வந்தால் எங்கள் ஊருக்கும் வாருங்கள். பாறசாலையில் இறங்கிக் கொண்டால் நான் வந்து அழைத்துப் போவேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கதை கேட்க விரும்புவோர் இரவு தங்க வேண்டும். ஆச்சிக்குச் சுருக்கிச் சொல்லத் தெரியாது.