ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான்! லிஃப்டை இரட்டையாக்க மறுத்த வெர்மான்ட் மலை

நாற்காலி பின்னாலிருந்து வந்து காலைத் தொட்டதும் சட்டென உட்கார்ந்துவிட வேண்டும். அடுத்த நொடி தரை விலகிவிடும். பக்கத்தில் பேச ஆள் இல்லை. காதலர்களாக இருந்தாலும் சரி, அப்பா மகளாக இருந்தாலும் சரி, ஒருவர் முன்னால், இன்னொருவர் பின்னால். பத்து நிமிடத்துக்கு மேல் குளிரும் நீங்களும் மட்டும்தான்!

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தில் ஃபேஸ்டன் என்ற சிற்றூர். அங்கே ஸ்டார்க் மலையில் இருக்கிறது, மேட் ரிவர் கிளென் பனிச்சறுக்கு மையம். ரோலண்ட் பால்மெடோ என்பவர் தொடங்கிய இந்த இடத்தில், 1948-ல் ஒற்றை நாற்காலி லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் உச்சிக்கு அழைத்துப் போவது அதே ஒற்றை நாற்காலிதான். அமெரிக்காவில் இப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், இதை விட்டால் அலாஸ்காவின் கோர்டோவாவுக்குத்தான் போக வேண்டும்.

நாற்காலி லிஃப்ட் பிறந்த கதையே சுவாரஸ்யமானது. 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் வந்தது. அதை வடிவமைத்த ஜிம் கரன், ரயில்வே கம்பெனி இன்ஜினீயர். கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டி ஏற்றும் முறை அவருக்குத் தெரியும். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை மாட்டினார், அவ்வளவுதான். வாழைத்தார் போன வழியில் மனிதர்கள் போனார்கள்!

பிறகு நாற்காலி அகலமாகிக்கொண்டே போனது. இருவர், நால்வர், அறுவர், இப்போது எட்டுப் பேர்கூட ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள். வேகமும் கூடியது. பழைய வகையில் நாற்காலி கம்பிவடத்தோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும். வடத்தை வேகமாக ஓட்டினால் ஏறுபவர் தடுமாறி விழுவார். புதிய வகையில், நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலி வடத்திலிருந்து தானே கழன்றுகொண்டு மெதுவாக நகரும். ஆட்கள் ஏறியதும் மறுபடி வடத்தைப் பிடித்துக்கொண்டு பறக்கும்.

அதனால், பழைய லிஃப்டை மாற்றும் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: மணிக்கு எத்தனை பேரை மேலே ஏற்றலாம்?

மேட் ரிவர் கிளெனில் அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்தது. 1995-ல் இந்த மலையை, அங்கே சறுக்கி விளையாடுபவர்களே கூட்டுறவு அமைத்து வாங்கிவிட்டார்கள். ஆக, முதலாளியும் வாடிக்கையாளரும் ஒருவரே. அறுபது வயதை நெருங்கிய லிஃப்டை இனிமேல் ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது என்ற நிலை வந்தபோது, முடிவெடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். புதிதாக இருவர் நாற்காலி போடுவதா, பழையதையே புதுப்பிப்பதா?

இருவர் நாற்காலி வந்தால் வரிசை பாதியாகும். வேறென்ன யோசனை வேண்டியிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், மேலே ஏறுகிற அத்தனை பேரும் கீழே சறுக்கித்தானே வர வேண்டும்?

இந்த மலையின் தடங்கள் குறுகலானவை. மரங்களுக்கிடையே, பாறை மேடுகளில் வளைந்து இறங்குபவை. 'முடிந்தால் சறுக்கிப் பார்' என்பதுதான் இந்த மலையின் புகழ்பெற்ற சவாலே. இங்கே பெரும்பாலும் வானத்திலிருந்து விழும் பனியை நம்பித்தான் பிழைப்பு. ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு ஆட்கள் இறங்கினால் நெரிசல் ஒரு பக்கம். காலையில் விழுந்த பனி மதியத்துக்குள் சுரண்டப்பட்டு, கல்லும் வேரும் வெளியே தெரியும் ஆபத்து இன்னொரு பக்கம். லிஃப்ட் வரிசையில் மிச்சமாகும் நேரத்தைத் தடத்தில் இழக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் ஒற்றை நாற்காலியையே தேர்ந்தெடுத்தார்கள். செலவு 15 லட்சம் டாலருக்கும் மேல். வெர்மான்ட்டின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை கைகொடுக்க, நன்கொடை திரட்டினார்கள். 2007-ல் கோபுரங்களைப் பெயர்த்தெடுத்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, ஹெலிகாப்டரில் தூக்கிவந்து மறுபடி நட்டார்கள். மோட்டாரும் கம்பிவடமும் புதிது. தோற்றம் மட்டும் 1948-லேயே நிற்கிறது. 2012-ல் இந்த மலை, அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் இடம்பிடித்தது.

இதற்கு அவர்கள் கொடுக்கும் விலை சின்னதல்ல. நல்ல பனி விழுந்த வார இறுதியில் வரிசை நீண்டு பொறுமையைச் சோதிக்கும். பனி குறைந்த வருடம் வந்தால் வருமானமும் குறையும். செயற்கைப் பனியைக் கொட்டி, வேகமான லிஃப்டில் ஏற்றிவிடும் ஷுகர்புஷ் ரிசார்ட், அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அவசரக்காரர்கள் அங்கே போய்விடலாம். போகிறார்கள்தான்.

வெர்மான்ட் பக்கம் போகும் வாய்ப்புள்ளவர்கள் கவனிக்க: டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சீசன், அதுவும் பனியின் தயவில். இங்கே ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை, ஸ்கீ மட்டும்தான். ஜோடியாக உட்கார்ந்தே தீருவோம் என்பவர்களுக்காக, பக்கத்துச் சரிவில் 'சன்னிசைடு' என்ற இருவர் நாற்காலி லிஃப்டும் ஓடுகிறது.