ஷீல்டு யாருக்கு? - குரங்கணி டீக்கடை கமிட்டியின் அவசரக் கூட்டம்

சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் போடிநாயக்கனூர். வாரத்தில் மூன்று நாள் இந்த வசதி. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 'இதோ அகலப்பாதை' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போடிக்கு மறுபடி ரயிலோடு வந்தது 2023 ஜூனில். நடுவில் இந்தப் பக்கம் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலை சினிமாவில் பார்த்தே வளர்ந்துவிட்டார்கள்.

போடியில் பஸ் மாறி, மாந்தோப்பும் இலவந்தோப்புமாகப் பதினாறு கிலோமீட்டர் போனால் குரங்கணி. ரோடு அத்தோடு சரி. அதற்கு மேல் மலை.

குரங்கணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு ஞாபகம்தான் வரும். ஒன்று, 2010-ல் வந்த 'மைனா' படம். இன்னொன்று, 2018 மார்ச் 11-ம் தேதி மலையேறப் போனவர்களைச் சுற்றி வளைத்த காட்டுத் தீ. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வனத்துறை அனுமதி இல்லாமல் இன்றைக்கு வெளியாள் மேலே ஏற முடியாது. ஏறவும் கூடாது. 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024-ல் ஆரம்பித்த திட்டத்தில் பணம் கட்டி, வழிகாட்டியோடு குரங்கணி - சாம்பலாறு நடந்துவிட்டு வரலாம். ஆபீஸ் நாற்காலியில் வளர்த்த தொப்பைக்கு அதுவே ஜாஸ்தி.

நான் சொல்ல வந்தது மூன்றாவது விஷயம். ஃபுட்பால்.

"குரங்கணியில் ஃபுட்பாலா? மைதானம் எங்கேய்யா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஊரில் சமதளமாக இருப்பது டீக்கடை பெஞ்ச் ஒன்றுதான். மைதானம் மேலே இருக்கிறது. வாக்குவாதம் மட்டும் கீழே நடக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். டீக்கடை வாசலில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பாருங்கள். அந்த உச்சிதான் டாப் ஸ்டேஷன். பறவையாக இருந்தால் ஐந்தாறு கிலோமீட்டர். மனுஷனாகப் பிறந்து தொலைத்ததால் மறுபடி போடிக்கு வந்து, போடிமெட்டில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, மூணாறு போய், அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மொத்தம் நூற்றுக்கு மேல். 'குரங்கணியிலிருந்து நேரே ரோடு போடுங்கள்' என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் அந்த ரோடு வாயால் போடப்படுகிறது.

வெள்ளைக்காரன் இந்தக் கணக்கை அப்போதே போட்டுவிட்டான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள ரயில். 1908-ல் அதை எடுத்துவிட்டு ஒரு குட்டி ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடியே மலை இறங்கி இந்தக் கொட்டகுடிப் பக்கம் வந்து சேரும். பிறகு மாட்டு வண்டியில் போடி. மேலே டாப் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். 1924 வெள்ளத்தில் குட்டி ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. சென்ட்ரல் ஸ்டேஷன் என்று மலைநடுவில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. டிக்கெட் கேட்டால் சிரிப்பார்கள்.

தேயிலை இறங்கிய மலையில் ஆட்கள் ஏறினார்கள், தோட்ட வேலைக்கு. பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்கள். 1956-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம் தாலுகா கேரளாவுக்குப் போனது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அதனால்தான் மூணாறில் பந்து உருண்டால் குரங்கணி டீக்கடையில் கிளாஸ் ஆடுகிறது.

மூணாறில் உருளுகிற பந்துக்கு ஃபின்லே ஷீல்டு என்று பெயர். ஃபின்லே கம்பெனி தோட்டங்களை நடத்திய 1940-களில் துரைமார்கள் ஆரம்பித்த போட்டி. பின்னால் ஃபின்லே போய் டாடா வந்தது. 2005-ல் தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி வந்தது. கேட்டில் போர்டு மாறியது, ஷீல்டின் பெயர் மாறவில்லை. எஸ்டேட்டுக்கு ஒரு டீம். தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் ஆபீஸிலும் வேலை பார்க்கிறவர்கள்தான் ஆட்டக்காரர்கள். காலையில் செடிக்கு மருந்தடிக்கிறவர் சாயங்காலம் கோல் அடிப்பார்.

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. அது கையால் ஆடுகிற ஃபுட்பால். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன். (குவார்ட்டர் என்றதும் டாஸ்மாக் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) டீமின் மூளை அவன்தான். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து அவனைப் பார்க்கிறார்கள். அதே நாட்டில் விளையாட்டுக்கென்று உதவித்தொகைகூடத் தராத குட்டிக் கல்லூரி டீம்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கேயும் ஊருக்கு நாலு பேர் உட்கார்ந்து, 'இந்த வருஷம் நம்ம குவார்ட்டர்பேக் தேறுவானா?' என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டி.வி.யில் வராத டீமுக்குத்தான் வெறி ஜாஸ்தி. அதைக் காப்பாற்ற வேறு ஆள் கிடையாதே!

குரங்கணி கமிட்டிக்கு வருவோம். மொத்தம் மூன்று பேர். தலைவர், எஸ்டேட்டில் ரிட்டையராகிக் கீழே வந்துவிட்ட பெரியவர், அந்தக் காலத்து ரைட் பேக். இரண்டாவது, ஜீப் டிரைவர். மூன்றாவது, ஒரு வளைகாப்புக்காக மேலேயிருந்து வந்திருந்த ஃபேக்டரி ஃபிட்டர். நான் போய் உட்கார்ந்ததும் முதல் நிபந்தனை போட்டார்கள்.

"எஸ்டேட் பேரை மட்டும் எழுதிறாதீங்க சார். எதிர் டீம்காரன் படிச்சா உஷாராயிருவான்."

எழுதவில்லை.

"போன வருஷம் செமி ஃபைனல்ல பெனால்டியில போச்சு சார். எல்லாம் ரெஃப்ரி பண்ணுன வேலை" என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"ரெஃப்ரியைச் சொல்லாத மாப்ள" என்றார் பெரியவர். "மூணு பெனால்டியையும் வானத்தைப் பார்த்து அடிச்சா ரெஃப்ரி என்ன செய்வான்? ஏணி போட்டா எடுத்துத் தருவான்?"

"இந்த வருஷம் விட மாட்டோம் மாமா. நம்ம ஒன்பதாம் நம்பர் இருக்கான்ல?"

அந்த ஒன்பதாம் நம்பர் டிரைவரின் அக்கா மகன். இருபத்து மூன்று வயசு. போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு எஸ்டேட்டில் தற்காலிக வேலையில் இருக்கிறான். பி.காம். படித்தவன் கோல் அடிக்கிறான் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் படித்த காலத்தில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆவதே பெரும்பாடு.

"பனி இறங்குனா மைதானத்துல எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது சார். எல்லாரும் பந்தைத் தேடுவானுக. இவன் மட்டும் சத்தத்தை வச்சே ஓடுவான்" என்றார் டிரைவர்.

"அதெல்லாம் சரிண்ணே" என்று ஃபிட்டர் மெதுவாக இழுத்தார். "அவன் சீஸனுக்கு இருப்பானா?"

டீக்கடை அமைதியாகிவிட்டது. மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்தினார்.

விஷயம் இதுதான். பையனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை வந்திருக்கிறது. மாசம் பதினெட்டாயிரம். உடனே வரச் சொல்கிறார்கள். எஸ்டேட்டில் தினக்கூலி நானூற்றுச் சொச்சம். இதுவரைக்கும் கணக்கு சுலபம். ஆனால் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கிறார். இன்னும் ஒரு வருஷத்தில் ரிட்டையர்டு. குடும்பத்தில் ஒருத்தராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு தங்கும். பையன் இறங்கினால் அடுத்த வருஷம் அம்மாவும் சாமானைக் கட்டவேண்டியதுதான்.

பதினெட்டாயிரத்தில் திருப்பூர் வாடகையைக் கழித்தேன். சாப்பாட்டைக் கழித்தேன். அம்மாவுக்கு ஒரு வீட்டு வாடகையைக் கழித்தேன். மிச்சம் வந்த தொகையை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஃபைனல் முடியட்டும், அப்புறம் போகட்டும். ரெண்டு மாசந்தானே?" என்றார் டிரைவர். "அவன் போயிட்டா முன்னாடி யாரு இருக்கா? நம்ம பயலுக பாதிப் பேரு கோயமுத்தூரு, சென்னைன்னு போயிட்டானுக. பதினோரு பேரைத் தேத்தவே வீடு வீடாக் கதவைத் தட்ட வேண்டியிருக்கு."

"கம்பெனிக்காரன் ஃபைனல் வரைக்கும் நாற்காலியைக் காலியாவா வச்சிருப்பான்?" என்றார் பெரியவர். "ஷீல்டு வருஷா வருஷம் வரும் மாப்ள. அவனுக்கு இருபத்து மூணு வயசு வருஷா வருஷம் வருமா?"

"நீங்க மட்டும் அந்தக் காலத்துல ஆட்டத்தை விட்டுட்டா போனீங்க?"

"போயிருக்கணும். எழுபதுகள்ல திருச்சியில ஒரு வேலை வந்துச்சு. டீமுதான் பெருசுன்னு இருந்துட்டேன். பூட்ஸ் கடிக்குதுன்னு கழட்டி வீசிட்டு வெறுங்கால்ல ஆடுனவன் நானு."

இந்த இடத்தில் நான் என் பொது அறிவைக் காட்டினேன். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் இந்திய டீமிலும் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடி, பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோத்தாங்கள்ல? நாங்க ஜெயிச்சோம் தம்பி."

அடுத்த டீ நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஜெயிச்சு என்னய்யா?" என்று அவரே தொடர்ந்தார். "முப்பத்தெட்டு வருஷம் இருந்த லயம். ரிட்டையரானதும் சாவியைக் குடுத்துட்டு எறங்குனேன். ஆணியில மாட்டியிருந்த டீம் போட்டோவை மட்டும் எடுத்துக்கிட்டேன். மத்தபடி அந்த வீட்டுல எதுவும் என்னுது இல்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஃபிட்டர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"பெரியப்பா, புதுசா ஒருத்தன் வந்திருக்கான். ஜார்க்கண்ட் பையன். ஃபேக்டரி பின்னாடி சும்மா தட்டிக்கிட்டு இருந்தான். இடது கால்ல அடிக்கிறான். சும்மா ஜிவ்வுன்னு போகுது."

மூணாறு தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள் நிறைய. உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்க இறங்க, அந்த லயங்களில் அவர்கள் குடியேறுகிறார்கள்.

டிரைவருக்குச் சம்மதமில்லை. "தமிழே தெரியாதவனுக்கு எப்படிப்பா ஆட்டம் சொல்லிக் குடுப்ப?"

"'இங்க', 'அங்க', 'அடி'. மூணு வார்த்தை கத்துக்கிட்டாண்ணே. ஃபுட்பாலுக்கு நாலாவது வார்த்தை தேவையா?"

"ரெஃப்ரியைத் திட்ட வேணாமா?"

"அதை அவன் பாஷையிலயே திட்டிக்கிறான். ரெட் கார்டும் கிடைக்காது!"

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. "அதில்ல மாமா. வெளியூரான் வந்து கோல் அடிச்சா அது நம்ம ஜெயிச்ச மாதிரியா?"

பெரியவர் மலையைக் கை காட்டினார். "எங்க தாத்தன் இந்த வழியாத்தான் ஏறுனாரு, தலையில ஒரு மூட்டையோட. அன்னைக்கு மேல இருந்த முதுவானுக்கு அவரும் வெளியூரான்தான். அவரு பேரன் நான் ஷீல்டு தூக்கல?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. செல்போனை எடுத்தார், ஏதோ பார்த்தார், பையில் போட்டார். எழுந்து போய் ஜீப் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஃபிட்டரிடம் கேட்டார்:

"அந்த ஜார்க்கண்ட் பய... கார்னர் ஒழுங்கா எடுப்பானா?"

அக்கா மகன் திருப்பூருக்குப் போகலாம் என்று அர்த்தம். பெரியவர் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் டீயைக் குடித்தார். ஃபிட்டர் சர்க்கரை டப்பாவைக் கோல் போஸ்ட்டாகவும் தீப்பெட்டியைப் பந்தாகவும் வைத்து இடது கால் கார்னரை விளக்க ஆரம்பித்துவிட்டார். லயத்து வீட்டுக்கு மட்டும் அந்தப் பெஞ்சில் யாரிடமும் பதில் இல்லை.

அந்த உச்சியில் இருப்பவர்கள் எல்லோரும் எப்போதோ கீழேயிருந்து மூட்டையோடு ஏறியவர்கள். பேரப் பிள்ளைகள் இப்போது பி.காம். சர்ட்டிஃபிகேட்டோடு இறங்குகிறார்கள். ஒருவன் இறங்கினால் இன்னொருவன் ஏறி வந்து அதே பனியில் அதே பந்தைத் தேடுகிறான்.

நீங்கள் குரங்கணி போனால் மலையைப் பாருங்கள், ஆற்றைப் பாருங்கள், அனுமதி வாங்கிக் காட்டையும் பாருங்கள். கடைசியில் டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த வருஷம் ஷீல்டு யாருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ஆனால் ஒன்று. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் அதைக் கேளுங்கள்.